அணுவாயுத நெருக்கடியில் தூது: அன்றும் இன்றும்

முன்னுரை

பகை தோன்றிய நாளிலேயே தூதும் தோன்றியது எனலாம். தமிழர் தூதினை அரசியலின் இன்றியமையாத உறுப்பாகக் கருதினர். திருவள்ளுவர் பொருட்பாலில் 'தூது' என்னும் பெயரால் ஓர் அதிகாரமே வகுத்து, அறிவும் சொல்வன்மையும் அஞ்சாமையும் தூதுவனுக்கு வேண்டுவன என்று காட்டியுள்ளமை நாம் அறிந்ததே. முற்காலத்தில் தூது தவறினால் ஒரு போர் மூளும். ஓர் அரசு வீழும். சில ஊர்கள் அழியும். ஆனால் 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6, 9 ஆகிய நாள்களில் இரோசிமா, நாகசாகி நகரங்களின்மீது அணுகுண்டுகள் வீசப்பட்டபின் இந்நிலை அடியோடு மாறிற்று. அணுவாயுதம் ஏந்திய இரு வல்லரசுகளுக்கிடையே தூது தவறுமாயின், வென்றவர் தோற்றவர் என்ற வேறுபாடே இல்லாமற் போகும்.

அத்தகைய நெருக்கடிகளில் அரசுகள் எவ்வாறு பேசின, எவ்வாறு பணிந்தன, எவ்வாறு பணியாதது போலக் காட்டிக்கொண்டன என்பதை அறிவது வரலாற்று மாணவர்க்கு மட்டும் உரிய கடமையன்று. சொல்லின் ஆற்றலைப் பயிலும் மொழித்துறை மாணவர்க்கும் அஃது உரியதே. இக்கட்டுரை 1962ஆம் ஆண்டின் கியூபா நெருக்கடியை அன்றைய முறைக்கும், 1994 முதல் 2019 வரையிலான வடகொரியச் சிக்கலையும் 2015ஆம் ஆண்டின் ஈரான் உடன்பாட்டையும் பிற்கால முறைக்கும் சான்றுகளாகக் கொண்டு, அவற்றை ஒப்பிட முற்படுகின்றது. எந்நாடு நல்லது, எந்நாடு தீயது என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. எம்முறை போரைத் தடுத்தது, தடுத்ததை நிலைநிறுத்த எது தவறியது என்பனவே நாம் காண விழையும் வினாக்கள்.

பதின்மூன்று நாள்கள்

1962ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கியூபாவின்மீது மிக உயரத்தில் பறந்த அமெரிக்க உளவு விமானம் ஒன்று, அத்தீவில் சோவியத் ஒன்றியம் ஏவுகணைத் தளங்கள் அமைத்து வருவதைப் படம் பிடித்தது. 16ஆம் நாள் காலையில் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு அச்செய்தி தெரிவிக்கப்பட்டது. அன்று தொடங்கி 28ஆம் நாள் வரை நீண்ட பதின்மூன்று நாள்களே உலகம் அணுப்போருக்கு மிக அருகில் நின்ற நாள்கள் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

கென்னடி கூட்டிய ஆலோசனைக் குழுவில் முதலில் எழுந்த குரல், உடனே விமானத் தாக்குதல் நடத்தவேண்டும் என்பதே. ஆனால் நாள்கள் செல்லச் செல்ல வேறொரு கருத்து வலுப்பெற்றது. கியூபாவுக்கு ஆயுதங்கள் ஏற்றிவரும் கப்பல்களைக் கடலிலேயே தடுத்து நிறுத்தலாம் என்பது அக்கருத்து. பன்னாட்டுச் சட்டத்தில் 'கடல் முற்றுகை' என்பது போர்ச் செயலாகும். எனவே அச்சொல்லைத் தவிர்த்து, தொற்றுநோய்க் காலத்தில் கப்பல்களைத் தனித்து நிறுத்துவதைக் குறிக்கும் மருத்துவச் சொல்லை, அதாவது 'தனிமைப்படுத்தல்' எனப் பொருள்படும் சொல்லை, அமெரிக்க அரசு தேர்ந்தெடுத்தது. அக்டோபர் 22ஆம் நாள் தொலைக்காட்சியில் உரையாற்றிய கென்னடி அச்சொல்லையே ஆண்டார். செயல் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் சொல் வேறு. அச்சொல் மாற்றம் எதிர்த்தரப்புக்குச் சிந்திக்கச் சிறிது இடம் தந்தது.

அக்டோபர் 24ஆம் நாள் தடுப்பு நடைமுறைக்கு வந்தது. ஏவுகணைகளுக்குரிய பொருள்களை ஏற்றிவந்த சோவியத் கப்பல்கள் கோட்டைக் கடவாமல் திரும்பின. அன்றே ஐக்கிய நாடுகள் அவையின் பொறுப்புச் செயலாளர் நாயகமாக இருந்த பர்மா நாட்டு ஊ தாண்ட், இரு தலைவர்களுக்கும் ஒரே வேளையில் மடல் விடுத்து, சில வாரங்கள் இருசாராரும் பொறுத்திருக்குமாறு வேண்டினார். ஒருவர் மற்றவருக்குப் பணிந்ததாகத் தோன்றாமல், பொதுவான ஒருவர் கேட்டதற்கு இணங்கியதாகக் காட்டிக்கொள்ள இது வழி செய்தது. நடுவர் ஒருவரின் பயன் பெரும்பாலும் இதுவே.

இரு மடல்கள்

அக்டோபர் 26ஆம் நாள் மாலை குருச்சேவிடமிருந்து நீண்டதொரு மடல் வாஷிங்டனை அடைந்தது. அதில் அவர் போரை ஒரு கயிற்றில் விழுந்த முடிச்சுக்கு ஒப்பிட்டிருந்தார். இருமுனையிலும் நின்று இருவரும் இழுத்தால் முடிச்சு இறுகும். இறுகிய பின் அவிழ்க்க இயலாது, அறுக்கவே நேரும் என்பது அவ்வுவமையின் கருத்து. கியூபாவின்மீது படையெடுப்பதில்லை என அமெரிக்கா உறுதி கூறினால் ஏவுகணைகளுக்குத் தேவை இராது என்பதும் அம்மடலால் புலப்பட்டது.

மறுநாள் 27ஆம் நாள் காலையில் இரண்டாம் மடல் வானொலி வழியே வெளியாயிற்று. அதன் குரல் கடுமையானது. துருக்கியில் அமெரிக்கா நிறுத்தியிருந்த 'ஜூப்பிட்டர்' ஏவுகணைகளையும் அகற்றவேண்டும் என்று அது கோரியது. அந்நாளிலேயே கியூபாவின்மீது பறந்த அமெரிக்க உளவு விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு, அதன் விமானி உயிரிழந்தார். கடலுக்கடியில் அமெரிக்கப் போர்க்கப்பல்களால் நெருக்கப்பட்ட சோவியத் நீர்மூழ்கி ஒன்றில் அணுமுனை பொருத்திய நீர்மூழ்கிக் குண்டு ஒன்று இருந்தது. அதைச் செலுத்த அதன் தலைவர் முனைந்ததாகவும், உடனிருந்த அதிகாரி வசீலி அர்க்கீப்போவ் அவரை அமைதிப்படுத்தியதாகவும் அக்கலத்தில் இருந்தோர் பல்லாண்டுகள் கழித்துக் கூறியுள்ளனர்.

இரு மடல்களில் எதற்கு மறுமொழி எழுதுவது என்பதே அன்று அவையில் எழுந்த பெருங்கேள்வி. மாஸ்கோவில் தூதராக இருந்து குருச்சேவை நேரில் பழகி அறிந்த லூவெலின் தாம்சன், முதல் மடலின் வழியிலேயே உடன்பாடு காண இயலும் என்று வற்புறுத்தினார். 'கியூபாவை நான் காத்தேன்' என்று தம் மக்களிடம் கூறிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிட்டினால் குருச்சேவ் பின்வாங்குவார் என்பது அவர் கணிப்பு. எதிரி என்ன ஆயுதம் வைத்துள்ளான் என்று எண்ணிக்கொண்டிருந்த அவையில், எதிரி தன் வீட்டாரிடம் என்ன சொல்லவேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர் அவர்.

முதல் மடலுக்கு வெளிப்படையாக மறுமொழி எழுதப்பட்டது. இரண்டாம் மடலின் கோரிக்கைக்கு மறைவாக விடை அளிக்கப்பட்டது. 27ஆம் நாள் இரவு கென்னடியின் இளவல் இராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் தோப்ரினினைச் சந்தித்தார். துருக்கியிலுள்ள ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும். ஆனால் இது வெளியே பேசப்படலாகாது என்று தெரிவித்தார். மறுநாள் மாஸ்கோ வானொலி, கியூபாவிலுள்ள ஏவுகணைகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தது. 1963ஆம் ஆண்டு ஏப்ரலுக்குள் துருக்கியிலிருந்த ஏவுகணைகளும் அகற்றப்பட்டன. கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஏதும் இல்லை. ஆயினும் வாக்குக் காக்கப்பட்டது.

நெருக்கடி தந்த படிப்பினை

அந்நாள்களில் செய்தித் தொடர்பு எத்துணை மெல்ல நடந்தது என்பது வியப்புக்குரியது. குருச்சேவின் முதல் மடல் குறிமொழியிலிருந்து பெயர்க்கப்பட்டு, மொழிபெயர்க்கப்பட்டு, முழுமையாகக் கிடைக்கப் பல மணிநேரம் ஆயிற்று. வாஷிங்டனிலிருந்த தோப்ரினின், தம் அரசுக்கு அனுப்பும் அவசரச் செய்திகளை மிதிவண்டியில் வரும் தந்தி ஊழியரிடம் கொடுத்தனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். உலகின் உயிர் ஒரு மிதிவண்டியின் வேகத்தை நம்பியிருந்தது.

இக்குறை உணரப்பட்டு, 1963ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தொடர்பு அமைக்க உடன்பாடு ஏற்பட்டது. இதனைத் தொலைபேசி என்று பலர் எண்ணுவர். உண்மையில் அஃது எழுத்துகளை அனுப்பும் தொலையச்சுக் கருவியே. பேச்சில் சினமும் தடுமாற்றமும் கலக்கும். எழுத்தில் எண்ணிப் பார்க்க நேரம் கிடைக்கும் என்பதே அவ்வாறு தேர்ந்ததன் காரணம். அவ்வாண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுவாயுதச் சோதனை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. 1968ஆம் ஆண்டில் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை உருவாகி, 1970ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

வடகொரியா: முடிந்தும் முடியாத கதை

பிற்காலச் சான்றுகளுள் முதலாவதாக வடகொரியாவைக் கொள்வோம். 1985ஆம் ஆண்டில் பரவல் தடை உடன்படிக்கையில் இணைந்த அந்நாடு, 1993ஆம் ஆண்டு மார்ச்சில் அதிலிருந்து விலகப்போவதாக அறிவித்துப் பின் அதனை நிறுத்தி வைத்தது. 1994ஆம் ஆண்டு கோடையில் யோங்பியோன் அணு உலையிலிருந்து எரிபொருள் கோல்கள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்தெடுத்தால் குண்டுகள் செய்யலாம். அவ்வுலையைத் தாக்கும் திட்டத்தை அமெரிக்க அரசு ஆராய்ந்தது.

அவ்வேளையில் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் பியோங்யாங் சென்று கிம் இல் சுங்கைச் சந்தித்தார். அணுத்திட்டத்தை முடக்கிவைக்க இசைவு கிட்டியதை அவர் தொலைக்காட்சி வழியே உலகுக்கு அறிவித்தார். கிம் இல் சுங் சூலை 8ஆம் நாள் மறைந்தார். எனினும் பேச்சு தொடர்ந்து, அக்டோபர் 21ஆம் நாள் ஜெனீவாவில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. வடகொரியா தன் உலைகளை நிறுத்தும். அதற்கு ஈடாக இரு மென்னீர் அணு உலைகள் கட்டித் தரப்படும். அவை முடியும்வரை ஆண்டுதோறும் 5 இலட்சம் டன் எரிநெய் வழங்கப்படும் என்பன அதன் கூறுகள்.

எட்டாண்டுகள் யோங்பியோனில் புளுட்டோனியப் பணி நடைபெறவில்லை. பன்னாட்டு அணுவாற்றல் முகமையின் ஆய்வாளர்கள் அங்கேயே இருந்து கண்காணித்தனர். இது சிறிய வெற்றியன்று. ஆனால் உடன்பாடு கையெழுத்தான அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றம் எதிர்க்கட்சியின் வசமாயிற்று. எரிநெய் காலந்தாழ்ந்தே சென்றது. 2003ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட உலைகளுக்கு 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் அடித்தளம் இடப்பட்டது. மறுபுறம், வடகொரியா யுரேனியச் செறிவூட்டலில் மறைவாக ஈடுபடுகின்றது என்று 2002ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா குற்றஞ்சாட்டியது. ஆண்டு முடிவில் ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டனர். 2003ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் வடகொரியா பரவல் தடை உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

பின்னர் அமெரிக்கா, சீனா, உருசியா, சப்பான், இரு கொரியாக்கள் ஆகிய ஆறு நாடுகளின் பேச்சு பெய்ஜிங்கில் நடந்தது. 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் கூட்டறிக்கை ஒன்றும் வெளியாயிற்று. ஆயினும் 2006ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் வடகொரியா முதல் அணுவாயுதச் சோதனையை நிகழ்த்தியது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் வரை அது நிகழ்த்திய சோதனைகள் ஆறு.

2018ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் சிங்கப்பூரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்பும் கிம் ஜோங் உன்னும் சந்தித்தனர். அதற்கு முந்தைய ஆண்டு ஒருவரையொருவர் கடுஞ்சொற்களால் தாக்கிய இருவரும் கைகுலுக்கியது உலகை வியக்கச் செய்தது. 'கொரியத் தீபகற்பம் அணுவாயுதம் அற்றதாதல்' என்னும் தொடர் கூட்டறிக்கையில் இடம்பெற்றது. அத்தொடரை அமெரிக்கா, வடகொரியா தன் ஆயுதங்களைக் கைவிடுதல் எனக் கொண்டது. வடகொரியாவோ, தென்கொரியாவுக்கு அமெரிக்கா அளித்துவரும் அணுவாயுதப் பாதுகாப்பும் நீங்குதல் எனக் கொண்டது. ஒரு தொடர், இரு பொருள். 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹனோய் நகரில் இருவரும் மீண்டும் கூடினர். யோங்பியோன் நிலையத்தைக் கைவிடுவதாகவும், அதற்கு ஈடாகப் பொருளாதாரத் தடைகளைப் பெருமளவு தளர்த்தவேண்டும் என்றும் வடகொரியா கேட்டது. அமெரிக்கா அதனினும் மிகுதியாக எதிர்பார்த்தது. கையெழுத்திடும் நிகழ்ச்சியும் பகல் விருந்தும் கைவிடப்பட்டு இருவரும் பிரிந்தனர்.

ஈரான்: நூற்றைம்பத்தொன்பது பக்கங்கள்

இரண்டாவதாக ஈரானைக் காண்போம். 2002ஆம் ஆண்டில் நதன்ஸ் நகர்க்கருகே யுரேனியச் செறிவூட்டு நிலையம் அமைக்கப்படுவது வெளியாயிற்று. பத்தாண்டுகளுக்கு மேல் தடைகளும் ஐயங்களும் வளர்ந்தபின், ஓமான் நாட்டின் துணையோடு மறைவான பேச்சுத் தொடங்கியது. 2015ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் வியன்னாவில் ஈரானும், பாதுகாப்பு அவையின் ஐந்து நிலை உறுப்பு நாடுகளும், செர்மனியும், ஐரோப்பிய ஒன்றியமும் உடன்பாடு கண்டன. இணைப்புகளோடு அது 159 பக்கங்கள் கொண்டது. யுரேனியச் செறிவு 3.67 விழுக்காட்டைக் கடக்கலாகாது. இருப்பு 300 கிலோவுக்கு மேற்படலாகாது. நிறுவப்பட்ட மையவிலக்குக் கருவிகள் ஏறத்தாழ 19,000 என்ற எண்ணிக்கையிலிருந்து 6,104ஆகக் குறைக்கப்படவேண்டும் என்றெல்லாம் நுண்ணிதின் வரையறுத்தது. நுட்பச் சிக்கல்களைத் தீர்த்தவர்கள் இரு அறிவியலார். ஒருவர் அமெரிக்க ஆற்றல் துறைச் செயலர் எர்னஸ்ட் மோனிஸ். மற்றவர் ஈரானிய அணுவாற்றல் அமைப்பின் தலைவர் அலி அக்பர் சாலிஹி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒருவர் பேராசிரியராய் இருந்தவர். மற்றவர் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரே கல்விக்கூடத்தின் மொழி இருவரையும் இணைத்தது என்பது கல்வித் துறையினர்க்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

ஈரான் உடன்பாட்டின்படி நடப்பதாகப் பன்னாட்டு அணுவாற்றல் முகமை பன்முறை அறிக்கை அளித்தது. ஆயினும் 2018ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் அமெரிக்கா அதிலிருந்து விலகித் தடைகளை மீண்டும் விதித்தது. 2019ஆம் ஆண்டுமுதல் ஈரானும் வரம்புகளை ஒவ்வொன்றாகக் கடந்தது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் செறிவு 60 விழுக்காட்டை எட்டியது. 2025ஆம் ஆண்டு சூனில், ஓமானில் அடுத்த சுற்றுப் பேச்சுக்கு நாள் குறிக்கப்பட்டிருந்த நிலையில், 13ஆம் நாள் இசுரேல் ஈரானைத் தாக்கியது. 22ஆம் நாள் ஃபோர்தோ, நதன்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய இடங்களிலுள்ள அணு நிலையங்களை அமெரிக்க விமானங்கள் குண்டுவீசித் தாக்கின. தூதுக்குக் குறித்த நாள் போர் நாளாயிற்று.

ஒப்புநோக்கு

இனி, இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்குவோம்.

முதலாவது, காலம். கியூபா நெருக்கடியில் அளிக்கப்பட்ட வாக்குகளுள் ஏவுகணைகளை அகற்றுதல் சில மாதங்களிலேயே, வாக்களித்த தலைவர்களாலேயே நிறைவேற்றப்பட்டது. வடகொரிய, ஈரானிய உடன்பாடுகளோ பத்து, பதினைந்து ஆண்டுகள் நீள வேண்டியவை. கையெழுத்திட்டவர் பதவியில் இல்லாத நாளில் அவற்றை நிறைவேற்றும் கடமை பிறர்மீது விழுந்தது. எழுதாத வாக்கு நிலைத்தது. 159 பக்கங்களில் எழுதியது மூன்றாண்டில் முறிந்தது. இதற்குக் காரணம் எழுத்தின் குறையன்று. ஓர் அரசு கொடுத்த சொல்லை அடுத்த அரசு தன் சொல்லாக ஏற்காமையே காரணம்.

இரண்டாவது, சரிபார்ப்பு. இவ்வகையில் பிற்கால முறையே சிறந்தது என்பதில் ஐயமில்லை. 1962ஆம் ஆண்டில் தம் மண்ணில் ஆய்வு நடத்த ஃபிடல் காஸ்ட்ரோ இசையவில்லை. திரும்பிச் செல்லும் கப்பல்களின் மேல்தளத்திலிருந்த ஏவுகணைகளை வானிலிருந்தும் கடலிலிருந்தும் பார்த்தே அமெரிக்கர் அமைதியடைந்தனர். பிற்காலத்திலோ முத்திரைகளும் ஒளிப்படக் கருவிகளும் நேரில் வரும் ஆய்வாளர்களும் உள்ளனர். ஆனால் சரிபார்ப்பு ஐயத்தைக் குறைக்குமேயன்றிப் பகையைக் குறைக்காது என்பதை ஈரான் நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

மூன்றாவது, பங்கு கொள்வோர். அன்று இருவர் பேசி முடித்தனர். முடிவு விரைவில் கிடைத்தது. ஆனால் எவருடைய நிலத்தில் ஏவுகணைகள் நின்றனவோ அக்கியூபாவைக் கலந்து பேசவில்லை. துருக்கி மக்களுக்கும் ஒன்றும் கூறவில்லை. பிற்காலப் பேச்சுகளில் அண்டை நாடுகள் பலவும் அமர்ந்தன. இது நேர்மைக்கு உகந்தது. ஆனால் விரைவுக்குத் தடை.

நான்காவது, மறைவும் வெளிப்படையும். பேரம் மறைவாக நடந்தமையால்தான் கென்னடியும் குருச்சேவும் பின்வாங்க முடிந்தது. ஒளிப்படக் கருவிகளின்முன் நடந்த ஹனோய்ச் சந்திப்பில் பின்வாங்க இடமில்லை. ஈரான் உடன்பாடும் ஓமானில் மறைவாகவே வித்திடப்பட்டது. ஆகவே மறைவான தூது பழமைப்பட்டுப் போகவில்லை.

மறைத்ததனால் விளைந்த தவறு

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. துருக்கி ஏவுகணைகள் பற்றிய வாக்குறுதி நெடுங்காலம் மறைக்கப்பட்டது. இராபர்ட் கென்னடி எழுதி 1969ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிலும் அது தெளிவாக்கப்படவில்லை. அந்நூலைப் பதிப்பிக்கையில் அப்பகுதியைத் தாம் மாற்றியமைத்ததாக, கென்னடியின் ஆலோசகராயிருந்த சோரன்சன் 1989ஆம் ஆண்டு மாஸ்கோவில் கூடிய கருத்தரங்கில்தான் ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட காலத்தில் உலகம் கற்றுக்கொண்ட பாடம் யாது? அமெரிக்கா உறுதியாய் நின்றது. சோவியத் அஞ்சிப் பணிந்தது என்பதே.

ஐக்கிய நாடுகள் அவையில் அமெரிக்கத் தூதராக இருந்த ஸ்டீவன்சன், துருக்கித் தளங்களை விட்டுக்கொடுத்துச் சிக்கலைத் தீர்க்கலாம் என்று தொடக்கத்திலேயே ஆலோசனை கூறியவர். நெருக்கடி நீங்கிய சில வாரங்களில், அமெரிக்க இதழ் ஒன்றில் அவர் பகைக்குப் பணிந்துபோக விரும்பியவராகச் சித்திரிக்கப்பட்டார். அவர் கூறியதை ஒத்த விட்டுக்கொடுத்தலே மறைவாக நடந்தது என்பதை நாடு அறியவில்லை. அமைதிக்கு வழி சொன்னவர் கோழையென இகழப்பட்டார். அவ்வழியில் சென்றவரோ வீரரெனப் புகழப்பட்டார்.

1992ஆம் ஆண்டு ஹவானாவில் நடந்த கருத்தரங்கில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறுவகை அணுவாயுதங்களும் கியூபாவில் அப்போதே இருந்தன என்று சோவியத் தரப்பினர் தெரிவித்தனர். சோவியத் படையினரும் அமெரிக்கர் கணித்ததைப் போலப் பன்மடங்காக, 40,000க்கு மேற்பட்டோர் அங்கிருந்தனர். அமெரிக்கா படையெடுத்திருந்தால் அப்படை அணுவாயுதத்தையே எதிர்கொள்ள நேர்ந்திருக்கும். அன்றைய பாதுகாப்புச் செயலர் மக்னமாராவும் அக்கருத்தரங்கில் இருந்து இதனைக் கேட்டு அதிர்ந்தார். மிரட்டலால் வென்றோம் என்று எண்ணியிருந்தோர், தாம் நின்றது எத்தகைய விளிம்பு என்பதை முப்பதாண்டுகள் கழித்தே உணர்ந்தனர்.

மறைவான தூது பகையைத் தணித்தது உண்மை. ஆனால் பகை தணிந்தபின்னும் அம்மறைவை நீட்டித்தமையால் பின்வந்த தலைமுறை தவறான பாடம் பயின்றது. விட்டுக்கொடுத்தல் இழுக்கு என்னும் எண்ணம் அரசியலில் வேரூன்றியது. வடகொரியாவுக்கு எரிநெய் அனுப்புவதும் ஈரானுக்குத் தடை தளர்த்துவதும் பணிந்துபோதல் என்று பழிக்கப்பட்டமைக்கு இவ்வெண்ணமும் ஒரு காரணம் என நாம் கருதுகின்றோம்.

நம் அண்டையில் ஒரு நல்வழக்கம்

தொலைநாட்டுச் செய்திகளையே கூறிவந்த நாம், நம் நாட்டோடு தொடர்புடைய ஒன்றையும் சுட்டுதல் தகும். 1988ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இசுலாமாபாத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும், ஒன்றன் அணு நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என ஒப்பந்தம் செய்தன. அதன்படி ஆண்டுதோறும் சனவரி முதல் நாள் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். 1992ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கிய இவ்வழக்கம், 1998ஆம் ஆண்டு இரு நாடுகளும் அணுவாயுதச் சோதனை நிகழ்த்திய பின்னும் தொடர்ந்தது. 1999ஆம் ஆண்டுக் கார்கில் போருக்குப் பின்னும் தொடர்ந்தது. 2002ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இரு படைகளும் எல்லையில் எதிரெதிரே அணிவகுத்து நின்ற புத்தாண்டு நாளிலும் பட்டியல் கைமாறியது.

இதில் உச்சி மாநாடு இல்லை. கைகுலுக்கும் ஒளிப்படம் இல்லை. இரு தலைநகரங்களிலும் அலுவலர்கள் ஒரு தாளைக் கொடுத்து ஒரு தாளைப் பெறுகின்றனர். அவ்வளவே. ஆட்சிகள் பல மாறியும் இவ்வழக்கம் மாறாமைக்குக் காரணம், இஃது ஒரு தலைவரின் பெருமையோடு பிணைக்கப்படாமையே ஆகும். எவரும் தம் வெற்றி என உரிமை கொண்டாடாத ஒன்றை முறிப்பதில் எவருக்கும் ஆதாயமில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், அன்றைய தூது விரைவும் மறைவும் மனிதரை மனிதர் அறிந்த நெருக்கமும் உடையதாய் இருந்தது என்பதும், பிற்காலத் தூது விரிவும் நுட்பமும் சரிபார்க்கும் வலிமையும் உடையதாய் இருந்தும் தொடர்ச்சியின்றித் தளர்ந்தது என்பதும் பெறப்படும். ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது. பேசும்போது அன்றைய மறைவு வேண்டும். பேசி முடித்ததைக் காக்கப் பிற்காலச் சரிபார்ப்பு வேண்டும். ஆட்சி மாறினும் மாறாத சொல் வேண்டும். இவற்றோடு, விட்டுக்கொடுத்ததை விட்டுக்கொடுத்தோம் என்று காலம் கடவாமல் தன் மக்களுக்கு எடுத்துரைக்கும் துணிவும் அரசுகளுக்கு வேண்டும்.

குருச்சேவ் கூறிய முடிச்சு அன்று அவிழ்ந்தது. இருவரும் ஒரே வேளையில் கயிற்றைத் தளர்த்தியமையால் அவிழ்ந்தது. ஒருவர் மட்டும் தளர்த்தினார் என்று கதை சொல்லப்பட்டமையால், பின்னர் விழுந்த முடிச்சுகளில் எவரும் முதலில் தளர்த்த முன்வரவில்லை. இனி வரலாறு எழுதப்போகும் மாணவர்களும், அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்களும், நாட்டுநடப்பை அளந்து பேசும் சான்றோரும் இக்கதையை முழுமையாகச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். போரைத் தவிர்த்தவர் எதனை விட்டுக்கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதே, விட்டுக்கொடுத்தல் வீரமாக மதிக்கப்படும் நாள் அணுகிவரும் என்பது நம் துணிபு.